அழித்த ஜாதகம்

வெள்ளி இரவு, ஜூலை 2002

நானே எழுதிய ஜாதக புரோகிராம், நானே முழிக்கிறேன். என் ஜாதகக் கடைக்கு வருகிறவர்கள் எல்லார் ஜாதகத்தையும் ஒரே டேட்டாபேஸ் ஃபைலில் போட்டது சரியா, ஆளுக்கொரு ஃபைலாக ஃபோல்டரில் வைத்திருக்க வேண்டுமா?

மாலையில் அடி அண்ணாமலையிலிருந்து செல்வி தன் மாமியாரோடு வந்தாள். இங்கே ஜாதகம் கணித்த அவள் புருஷனுக்குக் காரியம் முடிந்து சில நாள்தான் ஆகிறது.

"செத்தவன் ஜாதகம் எங்கயும் இருக்கக் கூடாதுங்க, அழிச்சுடுங்க" என்றார் மாமியார்.

அழித்தேன். பட்டியலில் பெயர் போனது, ஃபைலின் அளவு மட்டும் குறையவில்லை. டேட்டாபேஸ் அழித்ததை மறைத்துத்தான் வைக்கும். ஃபைலைச் சுருக்கினால்தான் நிஜமாகப் போகும். தனி ஃபைலாக இருந்திருந்தால் அவர்கள் கண்ணெதிரிலேயே தூக்கிப் போட்டிருப்பேன்.

சுருக்கலாம் என்று உட்கார்ந்தபோது செல்வி மட்டும் திரும்பி வந்தாள். மாமியார் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு ரோட்டில் நின்றிருந்தார்.

"நிஜமாவே போயிடுச்சாங்க? கொஞ்சம்கூட மிச்சம் இல்லையா?"

எந்தப் பதிலுக்காகக் கேட்டாள்? பயந்து கேட்டாளா, ஆசைப்பட்டுக் கேட்டாளா?

"போயிடுச்சும்மா" என்றேன்.

தலையாட்டினாள். உடனே போகவில்லை, திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஃபோல்டரா, டேட்டாபேஸா, ஒன்றும் புரியவில்லை. ஃபைலை இன்னும் சுருக்கவில்லை.