எழுமலைக் காதுகுத்தில் எனக்கு வந்த சாமி

விளாங்குடி, மதுரை
புரட்டாசி முதல் வாரம்

என் தங்கம் தேன்மொழிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது,

நானும் உன் அப்பாவும் மீனாட்சி புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். அந்தக் குளிருக்கும் ஓயாத மழைக்கும் நடுவில் உன் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். நேற்று ராத்திரிதானே போனில் பேசினோம், இன்றைக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நான் வாயைத் திறந்ததுமே நீ நர்ஸம்மாவாக மாறிவிடுகிறாய். சுகர் எவ்வளவு, ஊசி எத்தனை யூனிட், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேட்டுக் கேட்டு நான் சொல்ல வந்ததை மறக்கடித்துவிடுவாய். இது குறுக்கே பேச்சில்லாமல் முழுசாகச் சொல்ல வேண்டிய விஷயம், அதனால்தான் பருப்புப் பொடி பார்சலோடு இதையும் மடித்து வைக்கிறேன். இப்போது நான் நன்றாக இருக்கிறேன் என்பதை முதலிலேயே எழுதிவிட்டேன், பதறாமல் படி.

அப்பாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை. தைலத்தை எனக்குத் தெரியாமல் தேய்ப்பதாக அவருக்கு நினைப்பு, வீடு முழுக்க வாசம் வருகிறது. மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்று இத்தனை நாளாகியும் தெருவில் கரண்ட் போனால் முதல் ஆளாக வெளியே வந்து கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். என் இன்சுலினை வாங்கிவருவது மட்டும் அவர் வேலை. சிம்மக்கல் மருந்துக் கடையில் ஐஸ் வைத்துக் கட்டிக் கொடுப்பார்கள், டவுன் பஸ்ஸில் அதை மடியில் வைத்து பச்சைப் பிள்ளையைக் கொண்டுவருவது போல வெயில் படாமல் கொண்டுவந்து பிரிட்ஜில் வைத்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். அவரை நான் எவ்வளவோ குறை சொல்லியிருக்கிறேன், இதில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது.

ஆவணி கடைசி முகூர்த்தத்தில் எழுமலையில் உன் முனியாயி சித்தி பேரப்பிள்ளைகளுக்குக் காதுகுத்து. என் சித்தப்பா மகள் கூப்பிட்டு நான் போகாமல் இருக்க முடியாது. ஆனால் போக வேண்டும் என்றதுமே ஒரு தயக்கம். அங்கே உன் மொக்கையன் மாமா வருவார் என்று தெரியும். கூடப் பிறந்த ஒரே அண்ணன், ஆறு வருஷமாக என்னோடு பேச்சு இல்லை. காரணம் உனக்குத் தெரியும், மறுபடி எழுதுவது உன்னைக் குத்திக்காட்ட இல்லை. உன்னைத் தன் மகன் முத்துக்குமரனுக்குத்தான் என்று நீ பாவாடை கட்டிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர். நீ படிக்கணும், நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகணும் என்று சொன்னதும் நானும் அப்பாவும் உன் பக்கம் நின்றோம். கண்டவனுக்கு ஊசி போடுற பொழப்புக்கா எம் மருமக போகணும் என்று நம் வீட்டு வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனவர் அதற்குப் பிறகு படியேறவே இல்லை. எத்தனையோ விசேஷத்தில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம், அவர் பார்வை என் தலைக்கு மேலே போய்விடும்.

அன்றைக்கு விடியலில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். நீ அனுப்பினாயே, தண்ணீரில் நனைத்தால் குளிர்ச்சியாகவே இருக்கிற குளிர்ப் பை, அதை ராத்திரியே நனைத்துத் துடைத்து அதில் இன்சுலின் பேனாவை வைத்து, ஊசி, சுகர் பார்க்கிற மிஷின், குளுக்கோஸ் பொட்டலம், பிஸ்கட் எல்லாம் தோள்பையில் எடுத்துக்கொண்டேன். வெளியூர் போனால் அந்தப் பை உன் தோளை விட்டு இறங்கக்கூடாது, யாரிடமும் கொடுக்கக்கூடாது என்று நீ சொன்னது காதிலேயே இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தபோது காலைப் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள், சாம்பார் வாசம் வாசல் வரைக்கும் வந்தது. சரி என்று மண்டபத்து ரூமில் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தால், பிள்ளைகளின் தாய்மாமன் வண்டி உசிலம்பட்டி தாண்டிவிட்டது, சீர் வந்து இறங்கிய பிறகுதான் பந்தி என்று போட்ட இலையை எடுக்கிறார்கள். இந்தா வந்துட்டாக, இந்தா வந்துட்டாக என்று எல்லாரும் சொன்னதை நானும் நம்பினேன். முனியாயி என் கையில் ஆரத்தித் தட்டைக் கொடுத்து முன்னால் நிற்கச் சொன்னாள். பட்டுச்சேலையோடு பையும் தட்டுமாக நான் தடுமாறுவதைப் பார்த்து அப்பா, நான் வச்சிருக்கேன் குடு என்று பையை வாங்கிக்கொண்டார். நல்ல எண்ணத்தில்தான் வாங்கினார். வாங்கிய கையோடு ஆண்களோடு சேர்ந்து சீர் வண்டியை எதிர்கொண்டு அழைக்க மெயின் ரோட்டுக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் எனக்குக் காதடைத்தது. கழுத்து வழியாக வேர்வை ஓடியது. புழுக்கம் என்று நினைத்தேன். அப்புறம் கை நடுங்கித் தட்டில் இருந்த ஆரத்தித் தண்ணீர் தளும்பியது வரைக்கும்தான் தெளிவாக ஞாபகம். மற்றதெல்லாம் அவர்கள் சொல்லித் தெரிந்ததுதான். அந்நேரம் பார்த்து சீர் வருகிறது என்று உறுமி மேளக்காரர்கள் அடிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். நான் தட்டைக் கீழே போட்டுவிட்டு உடம்பெல்லாம் ஆடிக்கொண்டு, கண் சொருகி, முடி அவிழ்ந்து நின்றிருக்கிறேன். பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள் சொல். நாகஜோதிக்குச் சாமி வந்திருச்சு என்று ஒரே சத்தம். முனியாயி ஓடிவந்து நெற்றி நிறைய திருநீறு பூசி, வந்திருக்கது யாரு தாயி, சொல்லு தாயி என்று கேட்கிறாள். ஒருத்தி வேப்பிலை ஒடித்துக்கொண்டு வந்துவிட்டாள். இன்னொருத்தி காலில் விழுந்து எம் மகனுக்கு இந்த வருசமாச்சும் கல்யாணம் கூடுமா என்று குறி கேட்டிருக்கிறாள். நான் குழறிக் குழறி பை, பை என்று அப்பாவிடம் இருந்த பையைத்தான் கேட்டிருக்கிறேன். அது அவர்கள் காதில் பேய் என்று விழுந்து, ஏதோ பேயை விரட்டத்தான் சாமி இறங்கியிருக்கு, இன்னும் நல்லா அடிங்கப்பா என்று மேளக்காரர்களை ஏவியிருக்கிறார்கள். இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தால் இந்தக் கடிதம் எழுத நான் இருந்திருக்க மாட்டேன் என்று மதுரை வந்த பிறகு டாக்டர் சொன்னார்.

அப்போதுதான் பந்தலின் அந்தக் கோடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த உன் மாமா எழுந்திருக்கிறார். கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு வந்து என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தவர், மேளத்த நிப்பாட்டுங்கடா, சாமியும் இல்ல பூதமும் இல்ல, எந்தங்கச்சிக்குச் சுகர் எறங்கிருச்சு என்று போட்ட சத்தத்தில் உறுமி அப்படியே நின்றுவிட்டதாம். அவர் கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது, அதற்குள்ளிருந்து குளுக்கோஸ் டப்பாவை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, என்னைச் சுவரோரம் சாய்த்து உட்காரவைத்து, முழுங்குகிறேனா என்று பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் ஊற்றினார். எனக்குத் திரும்ப நினைவு வரும்போது முதலில் கேட்டது அந்தக் குரல்தான். ஏத்தா நாகு, இன்னொரு மடக்கு குடி ஆத்தா, ஒண்ணுமில்ல, அண்ணன் இருக்கேன்ல என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அப்பா போன பிறகு என்னை நாகு என்று கூப்பிட அவர் ஒருவர்தான் மிச்சம். நான் கண்ணைத் திறந்து அண்ணே என்றேன். அவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு மிஷினை எடுத்தார், புது ஊசி மாற்றி என் விரலில் குத்திப் பார்த்தார். நாற்பத்தெட்டு. நீயே சொல், குளுக்கோஸ் குடித்த பிறகு நாற்பத்தெட்டு என்றால் அதற்கு முன்னால் எவ்வளவுக்கு இறங்கியிருக்கும்.

அதற்குள் சீர் வண்டியும் வந்துவிட்டது, அப்பா கூட்டத்தில் விஷயம் கேள்விப்பட்டுப் பையோடு ஓடிவந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமாதான், கைய விடுங்க மாப்ள, இன்னொருக்கச் சுகர் பாக்கணும் என்றார். பிறகு சமையல்காரரிடம் போய், பந்தி எப்ப வேணாலும் போடு, எந்தங்கச்சிக்கு இப்ப எல போடு என்றார். தாய்மாமன் வாசலில் நிற்கும்போது எப்படி என்று யாரோ இழுத்ததற்கு, நானும் இவளுக்குப் பொறந்த எடத்துக்காரன்தான், நான் சொல்றேன் போடு என்று சொல்லிவிட்டார். அத்தனை பேர் பார்க்க, ஆளில்லாத பந்தியில் நான் ஒருத்தி உட்கார்ந்து இட்லி சாப்பிட்டேன், அண்ணன் எதிரில் நின்றுகொண்டு வாளியைத் தன் கையில் வாங்கிச் சாம்பார் ஊற்றினார். ஆறு வருஷத்து அழுகை எல்லாம் அந்த இலையில்தான் விழுந்தது. அழுதுகிட்டே திங்காத, பொரையேறும் என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன ஆறுதல்.

அவருக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று நீ யோசித்துக்கொண்டிருப்பாய். நானும் அதைத்தான் கேட்டேன். அவருக்கும் சுகர் வந்து, மாத்திரைக்கு அடங்காமல் இன்சுலினுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறதாம். நமக்கு யாரும் சொல்லவில்லை, அவர் சொல்லவிடவில்லை என்று என் மதினி, உன் சின்னத்தாய் அத்தை, பிறகு என் காதில் சொன்னாள். ஒரு தடவை தோட்டத்து மோட்டார் ரூமில் இதே மாதிரி மயங்கிக் கிடந்து, குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று இரண்டு பேர் பார்த்தும் பாராமல் தாண்டிப் போயிருக்கிறார்கள். வாழ்நாளில் அதைத் தொடாத மனுஷன். அதிலிருந்து மஞ்சள் பை இல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லையாம். மருந்தை எப்படி வைத்திருக்கிறார் தெரியுமா, சின்னச் சில்வர் தூக்குவாளியில் ஈரத்துணி போட்டு, மருந்துக் குப்பியைத் தண்ணீர் படாமல் ஒரு மூடி போட்ட டப்பாவில் வைத்து அதற்குள் இறக்கி வைத்திருக்கிறார். டிராக்டரில் வெயிலில் வைத்து மருந்து கெட்டுப்போய், அது தெரியாமல் அதையே போட்டுச் சுகர் ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகு கற்றுக்கொண்டதாம். ஊசி தானேதான் போட்டுக்கொள்கிறார். ஊசி போடுகிற பிழைப்பைப் பற்றி அவர் அன்றைக்குச் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது, அவருக்கும் வந்திருக்கும்.

முத்துக்குமரனும் வந்திருந்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறான், பெண்டாட்டி நல்ல கலகலப்பு, ஒரு பெண் குழந்தை. தேனு எப்படி இருக்கா அத்தை, அங்கயும் நம்ம சோறு பொங்கித் திங்கிறாளா என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அவன் மனதில் ஒன்றும் இல்லை தேனு, நீயும் உன் மனதில் இருப்பதை இறக்கி வைத்துவிடு. உன்னால்தான் அம்மாவுக்குப் பிறந்த வீடு இல்லாமல் போனது என்று நீ ஒரு தடவை போனில் அழுதாய், எனக்கு அது மறக்கவே இல்லை. இப்போது கேட்டுக்கொள், எனக்குப் பிறந்த வீடு இருக்கிறது.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட மாமா கூடவே வந்தார். பஸ் வருகிற வரைக்கும் என் பையை வாங்கி அந்தக் குளிர்ப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், இது மருமக அனுப்புனதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பையை என் தோளில் மாட்டிவிட்டு, தை மாசம் காசிக்குப் போறோம், ஒங்க மதினிக்கு ரொம்ப நாளா ஆசை, ரெண்டு மூணு நாள் ரயில்லயே கெடக்கணும், மருந்த எப்பிடிக் கொண்டு போறது, அம்புட்டு நாளைக்கு ஐசுக்கு எங்க போறது, ரயில்ல சோறு நேரத்துக்கு வருமா வராதா, இதெல்லாம் அந்த நர்ஸம்மாட்ட கேட்டுச் சொல்லு என்றார். நீ எனக்கு எத்தனை தடவை படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாய், எனக்கா தெரியாது. ஆனாலும் எனக்குத் தெரியலண்ணே, நீயே கேளு என்று உன் நம்பரை எழுதிக் கொடுத்தேன். வாங்கி மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார், வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த நம்பரைத் தினமும் எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைக்கிறாராம், அத்தை சொன்னாள். அவராக அடிக்க மாட்டார். அதனால் நீயே அடி. மாமா தோட்டத்திலிருந்து வந்து காபி குடிக்கிற நேரம் உனக்கு மத்தியானமாக இருக்கும். வெளிநாட்டு நம்பர் என்று முதல் தடவை எடுக்க மாட்டார், இன்னொரு தடவை அடி. எடுத்ததும் பழசு எதையும் பேசாதே, மன்னிப்பும் கேட்காதே, அவரும் கேட்க மாட்டார். மருந்தைப் பற்றி மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொல். இரண்டு பையில் பிரித்து வைக்கணும், ஒன்றை அத்தையிடம் கொடுக்கணும், டாக்டர் சீட்டை மறக்கக்கூடாது, சோறு கைக்கு வந்த பிறகுதான் ஊசி போடணும், இதை எல்லாம் சொல். தெரிந்ததையே திரும்பக் கேட்பார், கோபப்படாமல் திரும்பச் சொல். எத்தனை தடவை கேட்கிறாரோ அத்தனை தடவை உன்னோடு பேசுகிறார் என்று எடுத்துக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு டியூட்டிக்கு ஓடாதே. உன் கை பட்ட நோயாளிகள் எல்லாம் குணமாகி வீடு போகட்டும், அந்தப் புண்ணியம் எல்லாம் உன்னைச் சேரட்டும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

மாமா நம்பரைப் பார்சலுக்குள் பொடி டப்பா மூடியில் ஒட்டியிருக்கிறேன். பார்த்ததும் அடி, நாளைக்கு என்று தள்ளாதே.

உன் நல்லதையே நினைத்திருக்கும்
அம்மா நாகஜோதி