நீ பாடாமல் விட்ட மூன்று மெட்டுகள்

ஆசை மச்சான் ஏகாம்பரத்துக்கு,

எனக்கு எழுத வராது, உனக்குத் தெரியும். சொல்வது நான், எழுதுவது என் மருமகள். உத்திரமேரூரில் எல்லாரும் சௌக்கியம். என் தங்கச்சி அலமேலு, அதான் உன் பெண்டாட்டி, முட்டி வலி என்கிறாள். ஆனால் வாய் மட்டும் குறையவில்லை.

ஒரு சேதி. நாம் மெட்ராஸ் போய் வாசித்த அந்த மூன்று மெட்டும் கிடைத்துவிட்டது. ஸ்டுடியோவை இடிக்கப்போகிறார்கள் என்று டேப்பைக் கொடுத்தனுப்பினார்கள். உன் மகன் செந்தில் அதைப் போனில் ஏற்றி வைத்திருக்கிறான். கிதார், அக்கார்டியன், என் போங்கோ, எல்லாம் இருக்கிறது. உன் பாட்டு மட்டும் இல்லை. எப்படி இருக்கும்?

நீ பாடுவதே வேறு மாதிரி ஆயிற்றே. பெருநகர் ஊர்த் தீமிதிக்குப் போனால், எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களைப் பார்த்துத்தான் உனக்கு வார்த்தை வரும். பஜ்ஜி சுடுகிறவளும், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தூங்கி விழுகிறவனும் அங்கேயே பாட்டில் வந்துவிடுவார்கள். அதுவரை நாங்கள் முன்னிசையைத் திரும்பத் திரும்ப வாசிப்போம். நீ கையைத் தூக்கினால்தான் பல்லவி.

ஸ்டுடியோவில் உன்னைக் கண்ணாடி அறைக்குள் போட்டுப் பூட்டின மாதிரி நிறுத்தினார்கள். நாங்கள் இந்தப் பக்கம் வாசித்தோம், வாசித்தோம், உன் கை எழவே இல்லை. வெளியே வந்து என்ன சொன்னாய்?

“யார்ரா பாத்து பாட்றது கோதண்டம்? கண்ணாடில என் மூஞ்சிதான்டா தெரிது!”

பிறகு வந்து பாடிக்கொள்ளலாம் என்று அனுப்பினார்கள். அதற்குப் பிறகு நீ மைக்கையே தொடவில்லை. கண்ணை மூடும்வரை காவாந்தண்டலத்துக் கழனியோடு சரி. பிறகு பிறந்த செந்தில் உன் பாட்டைக் கேட்டதே இல்லை. அது உனக்கு உறைத்ததா மச்சான்? நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை.

போன மாதம் செந்தில் வந்தான். “மாமா, அப்பா பேசின கல்யாண கேசட்டு ஒண்ணு கீது. அத்த வச்சி கம்ப்யூட்டர்ல அவரு கொரலயே பாட வைக்கலாமாம். எனக்குப் பாட்டு வார்த்தைதான் வோணும். உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் கீதே.”

எப்படி மாட்டேன் என்பது? அப்பன் பாடிக் கேட்க ஏங்குகிற பிள்ளை. பெருநகரில் இதே மெட்டுகளுக்கு நீ பாடியதை ஒரு வரி விடாமல் சொன்னேன்.

நேற்று அதைப் போட்டுக் காட்டினான். கிதார் ஒரு சுற்று, உடனே நீ. உன் குரல்தான், சந்தேகமே இல்லை. அலமேலு புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள், அரிவாள்மணையைத் தள்ளி வைத்தாள்.

“இது அவுரு இல்லடா.”

“இன்னாம்மா, அப்பா கொரலுதானே?”

“கொரலு அவுருதுதான். அந்த மனுசன் இவ்ளோ சீக்கிரம் வாயத் தொறந்து நான் பாத்ததில்ல.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. “வாசிப்ப இன்னாடா பண்ணீங்கோ?”

“அதுவா? ஒரே மியூசிக்கு திரும்பத் திரும்ப வந்துகினு இருந்துச்சி மாமா. வெட்டிட்டாங்கோ.”

“டேய், அது நாங்க உங்கப்பனுக்காக காத்துகினு இருந்ததுடா!”

வெட்டாத டேப்பைப் போடச் சொன்னேன். ஒவ்வொரு சுற்றாக அவனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். “இங்க தலைய சொறியறான். இப்போ வேட்டிய அவுத்து இறுக்கிக் கட்றான். இந்த எடத்துல என்னைப் பாத்து சிரிச்சான், அதான் போங்கோ கொஞ்சம் துள்ளுது, கேளு. இங்க கை பாதி தூக்கினான்... எறக்கிட்டான்.”

செந்தில் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டான். “இன்னொரு தபா சொல்லு மாமா” என்றான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சென்னையில் அதைச் செய்துகொடுத்தவனுக்குப் போன் போட்டான். “வாய்ஸ் வோணாம்ப்பா. வெட்னதெல்லாம் இருந்த எடத்துல வச்சிடு.”

அந்தக் குரலை அழித்துவிடு என்று நான் சொல்லவில்லை. அது அவன் ஆசை, அவனிடமே இருக்கட்டும்.

இரண்டு மெட்டுக்குச் சொல்லியாயிற்று. மூன்றாவதை நாளைக்குக் கேட்க வருகிறான். அதில்தான் நீ நடுவிலேயே பின்கதவைத் திறந்துகொண்டு போனாய். குனிந்து தண்ணீர் குடிக்கிறாய் என்று நினைத்து, ஆளில்லாத அறையைப் பார்த்து நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தோம். அதையும் மறைக்க மாட்டேன் மச்சான். ஆனால் பாட வராமல் ஓடிப்போனாய் என்று என் வாயால் வராது. வாசலில் போய் நின்று, தெருவில் போகிற வருகிற ஜனங்களைப் பார்த்து நீ என்னமோ முணுமுணுத்துக்கொண்டிருந்ததை, வாசித்து முடித்து உன்னைத் தேடி வந்தபோது நான் பார்த்தேன். அதைத்தான் அவனிடம் சொல்வேன். சத்தியம்.

உன் பிள்ளைக்குத் தாய்மாமன்,
போங்கோ கோதண்டம்