காட்டுப்புறாவ அடிக்கணும்

முதலில் மன்னித்துக்கொள். என் கடிதங்களை நீ முதல் பக்கத்தோடு மடித்து வைத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். லீவு முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பியதும், "பேச்சுல வாயே தெறக்க மாட்ட, எழுத்துல மட்டும் ஏண்டி இந்த இழுவ?" என்று கேட்பாய். இப்போது படிக்க ஆளில்லாமல் எழுதுகிறேன். இழுவை இன்னும் கூடத்தான் இருக்கும்.

செண்பகனூர்க் கோயிலில் இன்று கொடியேற்றம். சாயங்காலம் வேட்டுப் போட்டார்கள். நான் ஏழாம் வகுப்புப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். சத்தம் என்னை ஒன்றும் செய்யவில்லை. கொஞ்சம் கழித்து ஜன்னல் வழியாகக் கருமருந்து வாசனை உள்ளே வந்தது. எழுந்து வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். போளூர்ச் சோலையில் அன்று பனிக்குள் கலையாமல் நின்ற புகைக்கும் இதே வாசனைதான்.

பறவை பார்ப்பது சாதுவானவர்களின் பொழுதுபோக்கு என்று என் அப்பா இன்றும் நம்புகிறார். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடையில் நிற்பவருக்கு, பி.எஸ்ஸி. படித்த மகள் மலையில் குருவி பார்க்கிறாள் என்றால் வேறென்ன தோன்றும்? நாம் முதன்முதலில் பறவை பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமையை அவர் பார்த்ததில்லை. பாறை விளிம்பில் நின்றுகொண்டிருந்தோம். மேலேயிருந்து ஒரு வல்லூறு கல்லைப் போல இறங்கி, பறந்துகொண்டிருந்த புறாவை நடுவானத்தில் மோதியது. இறகு வெடித்துச் சிதறியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ கை தட்டினாய். "என்னா அடி!" என்றாய். இறங்கி வரும் வழியில் முள்ளில் ஒரு ஓணான் குஞ்சு குத்துப்பட்டுத் தொங்கியது. கீச்சான் குருவி பிறகு தின்பதற்காகச் செருகி வைத்தது. நீ அதை விரலால் தொட்டுவிட்டு, "இன்னும் துடிக்குதுடி" என்றாய்.

நாம் கல்லூரியை விட்டு வந்தபோது எமர்ஜென்சி முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. உனக்கு மலைமேல் உன் ஊரிலேயே லாட்ஜ் ரிசப்ஷனில் வேலை, எனக்கு அதே தெருவின் பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சர் வேலை. உலகம் முழுக்கச் சுற்றிப் பறவை பார்க்கிற வெள்ளைக்காரர்கள் உன் லாட்ஜுக்கு வருவார்கள். விலங்கியல் படித்த பெண்கள் என்று நம்மை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். காலின் நிறமோ சிறகின் கோடோ என் கண்ணுக்கு முதலில் படும். நான் உன் காதில் முணுமுணுப்பேன், நீ இங்கிலீஷில் கத்துவாய். இருந்த ஒரு தைரியத்தை இருவரும் பங்கு போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அவர்கள் பட்டியலை விரித்துப் பெயர் பெயராக வாசிப்பார்கள். பார்த்த பறவைக்கு நேராக டிக் அடிப்பார்கள். நீ அந்த 'டிக்'கை உதிர்த்துவிட்டு 'அடி'யை மட்டும் வைத்துக்கொண்டாய். "குக்குறுவான் அடிச்சாச்சா?" "அடிச்சாச்சு." "மரங்கொத்தி?" "ரெண்டு தினுசு அடிச்சாச்சு." உன் வீட்டில் நாம் இப்படிப் பேசிக்கொண்டே கால் கழுவியபோது உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "ஏண்டி, காலையிலருந்து இத்தனைய அடிச்சீங்களே, கொழம்புக்கு ஒண்ணக்கூடவா கொண்டு வரத் தோணல?" அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பில் செம்பு கையை விட்டு உருண்டது.

பெரியசாமி உண்மையாகவே அடிக்கிறவர். போளூரில் உருளைக்கிழங்கும் பட்டாணியும் போடுகிற சம்சாரி. காட்டுப்பன்றியை விரட்ட வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியால் புறாவும் சுடுவார். டீக்கடை முன்னால் அவர் மூன்று காட்டுப்புறாக்களைக் காலைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற அந்தக் காலையை நினைத்துப் பார். ஒன்றுக்கு உயிர் இருந்தது. பேசிக்கொண்டே அதன் கழுத்தைத் திருகினார். நீ நேரே போய் மூன்றையும் பிடுங்கி, அவற்றாலேயே அவர் முகத்தில் அறைந்தாய். ஒருமுறை இல்லை. அவர் மீசையில் இரத்தமும் இறகும் ஒட்டிக்கொண்டன.

"பொட்டச்சி, கை நீட்டுறியா? ஒருநா ஒன்னையும் இதே மாதிரி சுட்டுத் தொங்கவிடுறனா இல்லையா பாரு!"

"மொதல்ல குறி பாக்கக் கத்துக்கங்க. ஒரு புறாவுக்கு ஒரு கொட்டாங்கச்சி ஈய ரவை செலவாகுதாம்ல?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. நம் ஜீப் டிரைவரும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் போனது. காட்டுப்புறாவைப் பார்ப்பதற்கென்றே ஒரு வயதான வெள்ளைக்காரத் துரை வந்திருந்தார். அவர் பட்டியலில் தென்னிந்திய மலைகளில் விடுபட்டது அது ஒன்றுதான். போளூர் ஏற்றத்தில் டயர் பஞ்சராகி, டிரைவரும் துரையும் கீழே சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நீயும் நானும் வயல் வரப்பில் உட்கார்ந்திருந்தோம். பெரியசாமி வந்தார். தோளில் இருந்த துண்டை அவிழ்த்துப் பச்சைப் பட்டாணியை உன் மடியில் கொட்டினார்.

"இன்னுமா கோவம், தாயி? அன்னைக்கு ஏதோ வாய் தவறிப் பேசிப்புட்டேன்."

"நானும் கை நீட்டியிருக்கக் கூடாதுண்ணே."

"சரி விடு. தொரை என்னத்தத் தேடி இங்கன வந்திருக்காரு?"

"காட்டுப்புறாவ அடிக்கணுமாம். ஒண்ணே ஒண்ணு. நாலஞ்சு நாளா அலையுறோம், ஆப்புட மாட்டேங்குது. நாளைக்கு ஓடைக்கு மேல இருக்குற சோலையில பாக்கணும்."

"அம்புட்டுத்தானா? நாளைக்கு அடிச்சுப்புடலாம், தாயி."

"ஒங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்ணே. அடிச்சுட்டா தொரை செலவுல டீ."

இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் பட்டாணி உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். அது நம் இருவருக்கும் அவ்வளவு பழகிப்போன வார்த்தை. அதற்குள் துப்பாக்கி இருப்பது யாருக்குத் தெரியும்? நீ அவரோடு சமாதானமாகிவிட்டாய் என்றுதான் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் சோலைக்குள் பனி இறங்கியிருந்தது. ஓடைக்கரை மேட்டில், பழம் நிறைந்த மரத்துக்கு அடியில் நீ ஏறி நின்றாய். இலைக்குள் சிறகு படபடத்தது. புறா தாழ்ந்த கிளைக்கு வந்தது. அதன் பின்கழுத்தில் சதுரங்கப் பலகையைப் போலக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள். நீ என் பக்கம் திரும்பி, வாயைத் திறக்காமல், உன் கழுத்தில் விரலால் கட்டம் போட்டுக் காட்டினாய். அந்தக் கணத்தில் எதிர்க்கரைப் புதருக்குள்ளிருந்து துப்பாக்கி வெடித்தது.

இலையும் இறகும் ஒன்றாக விழுந்தன. உன் விரல்கள் கழுத்திலேயே இருந்தன. அவற்றுக்கு நடுவே இரத்தம் பீறிட்டது. நீ என் மேல் சரிந்தாய். என் வாய்க்குள் உன் இரத்தம். துரை குப்புற விழுந்து இங்கிலீஷில் அலறினார். ஓடையை மிதித்துக்கொண்டு பெரியசாமி ஓடி வந்தார். தலைக்கு மேல் தூக்கிய கையில் புறா.

"அடிச்சாச்சு தாயி! அடிச்சாச்சு!"

முகம் நிறையச் சிரிப்பு. மேட்டில் ஏறியதும் உன்னைப் பார்த்தார். பாறையில் நெற்றியை மோதினார், திரும்பத் திரும்ப, தோல் கிழிந்து தொங்கும் வரைக்கும். ஜீப் பூம்பாறையைத் தாண்டுவதற்குள் என் மடியில் உன் கை குளிர்ந்துபோனது.

கொலை வழக்குப் போட்டிருக்கிறார்கள். டீக்கடையில் அவர் சொன்ன மிரட்டலை ஊரே கேட்டிருக்கிறது. சுட்டதும் "அடிச்சாச்சு தாயி" என்று கொக்கரித்துக்கொண்டு ஓடினார் என்று, ஜீப்புக்குப் பக்கத்தில் நின்ற டிரைவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. காதில் விழுந்ததைச் சொன்னார். வரப்பில் பேசியது தெரிந்த மூன்று பேரில் நீ இன்று இல்லை. பெரியசாமி சொன்னால் யாரும் நம்புவதில்லை. மிச்சம் நான் ஒருத்தி.

நான் ஒன்றும் நல்லவள் இல்லை. முதல் சில மாதங்கள் அவர் தூக்கில் தொங்க வேண்டும் என்றுதான் விரும்பினேன். அந்தத் துப்பாக்கிக் கட்டையால் அவர் பல்லை உடைப்பதாகக் கனவு கண்டு, முறுக்கிய கையோடு விழித்திருக்கிறேன். என்ன செய்ய? உன் மடியில் அவர் பட்டாணி கொட்டியதையும் இந்தக் கண்தானே பார்த்தது.

போன வாரம் உன் அம்மா என் அறைக்கு வந்தார்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிருவீங்களே, அந்த வார்த்தை. அதை மட்டும் கோர்ட்டுல சொல்லிராத. எம்மக தன் வாயாலேயே செத்தான்னு ஊரு பேசும். அவன் உள்ள கெடந்து சாவட்டும்."

நான் சொல்லாமலே, டிரைவர் எழுதிக் கொடுத்த அந்த ஒரு வார்த்தையிலிருந்தே அவர்களுக்கு எல்லாம் புரிந்திருந்தது. பேசி முடிக்கும் வரை கதவைப் பிடித்த கையை அவர்கள் எடுக்கவில்லை. நான் வாக்குக் கொடுக்காமலே தெருமுனை வரை கூட நடந்தேன்.

இப்போது பறவை பார்க்கப் போவதில்லை. ஆனால் அந்த வார்த்தை போக மாட்டேன் என்கிறது. மணி அடிக்கிறார்கள், சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள், சைக்கிளுக்குக் காற்று அடிக்கிறார்கள். "பெல் அடிச்சாச்சு டீச்சர்" என்று பிள்ளைகள் எழுந்து ஓடுவார்கள். நான் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு, வகுப்பு காலியாகும் வரை நிற்பேன். பிள்ளைகளின் பேச்சிலிருந்து அதை யார் பிடுங்க முடியும்? சுமந்துகொண்டுதான் இருக்க வேண்டும்.

நாளை வெள்ளனே கோர்ட்டுக்கு மதுரை பஸ். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று அரசு வக்கீல் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர்கள் கேட்காததையும் நான் சொல்லப் போகிறேன். வரப்பில் நீ சொன்னதை, நீ சொன்ன மாதிரியே. அதற்கு உன் அனுமதியைக் கேட்கவில்லை. நீயாக இருந்தால் எப்போதோ கத்திச் சொல்லியிருப்பாய்.

கேட்க நினைத்தது வேறொன்று. எனக்குத் துணைக்கு வராதே. சாட்சிக் கூண்டில் நான் தனியாகவே நின்றுகொள்கிறேன். உன் அம்மா எதிரே பெஞ்சில் இருப்பார்கள். அந்த வார்த்தையை நான் சொல்லும்போது நீ அவர்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள். அவர்கள் எழுந்து என்னைச் சபித்தால் தடுக்காதே. அவர்கள் கையை மட்டும் பிடித்துக்கொள்.