பதிவேட்டில் இருக்கும் நடைபாதை

ஜூலை 8, செவ்வாய்

அதிகாலைப் பாராயணம் தடையின்றி நிறைவேறியது. அறுபது ஆண்டுகளாக ஓதிவரும் பாக்களுக்குக் கண்ணாடி எதற்கு?

பேத்தியின் சைக்கிள் முன்சக்கரம் கோணியபடி படிக்கட்டின் அடியில் கிடக்கிறது. பள்ளிச் சாலையின் வளைவில் தண்ணீர் லாரி உரசி அவளது இடக்கை முறிந்து இன்றோடு பதினெட்டு நாள். ஒதுங்க இரண்டடி இடம் இருந்திருந்தால் ஒதுங்கியிருப்பாள்.

"இனி சைக்கிளும் வேண்டாம், நடையும் வேண்டாம். வேன்ல போகட்டும்" என்று மகள் முடித்துவிட்டாள். பேத்தி சைக்கிள் மணியை ஒரே ஒரு முறை அடித்துவிட்டு உள்ளே போனாள். அந்த ஓசைக்கு விடை சொல்ல வேண்டியவன் நான் என்று ஏனோ தோன்றியது.

செய்தித்தாளில் ஓர் அறிவிப்பு. பிள்ளைகள் நடந்தும் சைக்கிளிலும் பத்திரமாகப் பள்ளி சேர, நடைபாதையும் தனித்தடமும் அமைக்க அரசு மானியம் தருகிறதாம். நகராட்சி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆகஸ்டு முடியக் கெடு. அந்த நகராட்சியின் ஆவண அறையை முப்பத்து மூன்று ஆண்டு காத்தவன் நான். எனக்கா விண்ணப்பம் எழுதத் தெரியாது?

ஜூலை 14, திங்கள்

பதினொரு பக்கம் எழுதினேன். தட்டச்சுக் கடைப் பெண் நான்காம் பக்கத்தில் கையை நிறுத்திவிட்டு, "ஐயா, இத ஆபீசர் படிக்கணுமா, இல்ல கைகூப்பிப் பாராயணம் பண்ணணுமா?" என்றாள். மூன்று பக்கமாகச் சுருக்கினேன். ஆயினும் 'இளஞ்சிறார் மெல்லடி' என்ற தொடரை விட்டுக்கொடுக்கவில்லை.

தலைமையாசிரியை ஒப்பமிட்டார். அலுவலகத்தில் வாங்கிக்கொண்டவன் 'முத்திரை'. என்னிடம் எழுத்தராகச் சேர்ந்தவன், இன்று பிரிவு அலுவலர். எந்தத் தாளைக் கண்டாலும் குத்திவிடுவான் என்பதால் அன்றே ஒட்டிக்கொண்ட பெயர் அது. இன்றும் இரண்டு முறை குத்தினான்.

ஜூலை 21, திங்கள்

மறுமொழி இல்லை. பேத்தி வேனில் போகிறாள். யாரோடும் பேசுவதில்லையாம்.

ஜூலை 29, செவ்வாய்

வந்துவிட்டது. 'மேற்படி சாலையின் இருமருங்கிலும் நடைபாதை ஏற்கெனவே அமைந்துள்ளமையால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.'

எந்த நடைபாதை? யார் கண்டது? நாளை நேரில் போய் அந்தப் பொய்யை எழுதியவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை.

ஜூலை 30, புதன்

எழுதியவன் நான்.

ஆகஸ்டு 1, வெள்ளி

நேற்று முன்தினம் வேறெதுவும் எழுத முடியவில்லை.

அலுவலகத்தில் நான் போட்ட கூச்சலைக் கேட்டு எழுத்தர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். முத்திரை மட்டும் தலை நிமிராமல் சாலைப் பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தான். "ஐயா... கோபப்படாம பாருங்க." பத்தொன்பது ஆண்டுகளுக்கு முந்தைய பக்கம். 'பள்ளிச் சாலை, நடைபாதை, இருமருங்கும், முடிவுற்றது.' என் சாய்ந்த கையெழுத்து. கீழே என் ஒப்பம்.

நினைவு வந்தது. நிதியாண்டின் கடைசி நாள் மாலை. "கல்லு இறக்கியாச்சு சார், அடுத்த வாரம் பதிச்சிடுவோம். இன்னைக்கு முடிஞ்சதா எழுதலன்னா வேலையே ரத்தாயிடும்" என்றார் அன்றைய பொறியாளர். எழுதினேன். பதிவேட்டில் ஒரு வரியும் காலியாக விடாதவன் என்ற பெருமை எனக்கு. கல் வேறெங்கோ போயிற்று. அதன்பின் எத்தனை முறை அந்தச் சாலையில் போயிருப்பேன், அலுவலக ஜீப்பில்! ஒரு நாளாவது இறங்கிப் பார்த்தேனா?

அந்த அறையின் சுவரில் இன்றும் ஒரு பலகை தொங்குகிறது: 'பிழையற்ற பதிவேடு'. அடியில் பொன்னெழுத்தில் என் பெயர்.

இன்று காலை பாராயணம் மூன்றாம் பாட்டில் நின்றுவிட்டது. வாய்மையைப் பற்றிய பாட்டு. ஏன்டா, எந்த வாயாலடா இத்தனை வருஷம் இதப் பாடின?

ஆகஸ்டு 4, திங்கள்

முத்திரை வீட்டுக்கே வந்தான். "அந்தப் பக்கத்தைக் கரையான் அரிச்சிடுச்சுன்னு எழுதிடறேன் ஐயா. உங்க பேரும் தப்பிக்கும், மானியமும் கிடைக்கும்."

"கரையான் மேல பழி போடறியா? அது பாவம், பொய்யெழுதத் தெரியாத பிராணி" என்றேன்.

மகள் குறுக்கிட்டாள். "அப்பா, நாப்பது வருஷமா சேர்த்த பேரு. விசாரணை அது இதுன்னு வந்தா? வேன்தான் இருக்கே, விடுங்க."

நம் பிள்ளைக்கு வேன் இருக்கிறது. அந்த வளைவில் இன்றும் நடந்து வரும் பிள்ளைகளுக்கு? விடுவதாக இல்லை.

ஆகஸ்டு 6, புதன்

சத்தியக்கடிதம் கொடுத்துவிட்டேன். அணியில்லை, அடுக்கில்லை. நான்கே வரி. 'நான் எழுதியது பொய். அங்கே நடைபாதை இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. திருத்துக.'

தட்டச்சுக் கடைப் பெண் இம்முறை சிரிக்கவில்லை. கூலியும் வாங்கவில்லை.

நகராட்சித் தலைவர் அழைத்து, "பெரியவரே, உங்களுக்கே இழுக்காச்சே" என்றார்.

"இழுக்கு அன்னைக்கே வந்தாச்சு. இன்னைக்குத்தான் எழுத்துல வருது."

ஆனால் ஓய்வுபெற்றவன் சொல்லால் பதிவேடு மாறாதாம். நடைபாதை இல்லை என்று பணியில் இருக்கும் ஓர் அதிகாரி எழுத்தில் தர வேண்டுமாம். பொறியாளர் தரமாட்டார்; தந்தால் அவர் துறையே மாட்டும். கெடுவுக்கு இருபத்தைந்து நாள்.

ஆகஸ்டு 18, திங்கள்

பன்னிரண்டு நாளில் ஏழு மேசை. ஒருவரும் எழுதித் தரவில்லை. இருக்கட்டும். பாராயணத்தில் இருக்கையில் ஒரு வழி உதித்தது. இறைவனே காட்டினான் என்று சொன்னால் மகள் மருத்துவரை அழைப்பாள்.

ஆகஸ்டு 20, புதன்

மடக்கு நாற்காலியோடு வளைவுக்குப் போனேன். பதிவேட்டின்படி நடைபாதை எங்கே இருக்க வேண்டுமோ, அளந்து அங்கே போட்டு அமர்ந்தேன். காலை எட்டு மணி. லாரிகள் முழங்கால் அருகே சீறின. பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். அச்சம் இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்ப்பதிவு.

எட்டரைக்குப் போக்குவரத்துக் காவலர் ஓடிவந்தார். "பெரியவரே, வீட்ல சண்டையா? நடுரோட்ல உக்காந்திருக்கீங்க!"

"ரோடு இல்லப்பா. நடைபாதை. நகராட்சியில போய்ப் பாரு, எழுதியிருக்கு."

"இங்க ஏதுங்க நடைபாதை? எந்திரிங்க, இல்லன்னா கேஸ் எழுதுவேன்."

"எழுது."

அவர் திகைத்தார். "கேஸ் வேணும்னு கேக்கற ஆள இப்பத்தான் பாக்கறேன்!"

"இடத்தைச் சரியா எழுது. நடைபாதை இல்லைங்கறதையும் சேர்த்து எழுது. அதுதானே என் குத்தம்?"

அவர் வளைவைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன். அழுத்தந்திருத்தமாக எழுதினார்: 'நடைபாதை ஏதும் இல்லாத வளைவில், வாகனங்கள் செல்லும் சாலையின் மீது நாற்காலி இட்டு அமர்ந்து இடையூறு செய்தமை.' ஒப்பம், பணி எண், தேதி. இத்தனை செம்மையான உரைநடையை நான் அண்மையில் படித்ததில்லை.

நகலை முத்திரையின் மேசையில் வைத்தேன். படித்தான். வாழ்நாளில் முதன்முறையாக முத்திரை குத்த மறந்தான்.

ஆகஸ்டு 29, வெள்ளி

பதிவேடு திருத்தப்பட்டது. விண்ணப்பம் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது.

அக்டோபர் 17, வெள்ளி

மானியம் ஒப்புதல் ஆயிற்று. அதே தபாலில் எனக்கு விசாரணை ஓலையும் வந்தது. இரண்டையும் ஒரே உறையில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 12, புதன்

விசாரணை. "எழுதினேன், தவறு" என்றேன். வேறு கேள்வி கேட்க அவர்களுக்கு இடமில்லை. கண்டனம் என்று முடித்தார்கள். பலகையைக் கழற்றிவிட்டார்கள், சுவரில் அந்த இடம் மட்டும் வெளுத்திருக்கிறது. பார்த்துக்கொண்டு நின்றேன். வலிக்கத்தான் செய்தது.

மார்ச் 31, செவ்வாய்

நிதியாண்டின் கடைசி நாள். நாற்காலி போட்ட இடத்தில் இன்று கல் பதித்திருக்கிறது. அதையொட்டிச் சைக்கிள் தடம். மாலை முத்திரை பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சாலைக்கே வந்துவிட்டான். "ஐயா, உங்க கையெழுத்தைப் பாத்துப் பழகினவன் நான். 'முடிவுற்றது'ன்னு இன்னைக்கு எழுதிடவா? நாளைக்கு விட்டா வருஷம் மாறிடும், ஆயிரம் கேள்வி."

நான் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தேன். இருமருங்கும். பின்னால் மணியோசை கேட்டது. பேத்தி தடத்தில் என்னைக் கடந்து போனாள், அவளுக்குப் பின்னே மகள், பிடித்துக்கொள்வதுபோல் ஒரு கையை நீட்டியபடி ஓடினாள்.

வளைவின் கடைசியில் நான்கு கற்கள் பாக்கி.

"பேனாவை மூடு" என்றேன்.