கால் ஆணி விழுந்தது

என்னங்க, இங்கே வேலை செய்யும் வீட்டில் சமையல்கார அக்கா, துணி தேய்க்கும் தங்கச்சி, நான், சுவரில் சாமி: இத்தனை பேர் முன்னிலையில் நேற்று எங்கள் அறையில் என் கால் ஆணி விழுந்தது! நீங்களும் பிள்ளைகளும் சுகம்தானே?

மருந்து சாலிசிலிக் அமிலம். தடித்த தோலை ஊறவைத்து உரித்துவிடும். முதலில் தாராளமாகத் தடவியதில் நல்ல தோலும் கொஞ்சம் வெந்தது, பயப்படாதீர்கள், ஆறிவிட்டது. பிறகு சுற்றிலும் வாசலின் பூசி, ஆணிமேல் மட்டும் சொட்டு வைத்தேன். "டாக்டரம்மா, என் காலையும் கொஞ்சம் பாரேன்" என்று அக்கா கிண்டல் செய்கிறாள். இன்று வேலை முடியும்வரை நொண்டாமல் நின்றேன். எனக்கே பெருமை தாங்கவில்லை, எல்லாம் அவன் அருள்.

ஆனால் உங்கள் கால் ஆணிக்கு நீங்கள் கேட்ட பாட்டிலை அனுப்ப மாட்டேன். சர்க்கரை உள்ளவர்கள் தாங்களாகப் போடக்கூடாது என்று அட்டையிலேயே இருக்கிறது. உங்களுக்குப் புண் வந்தால் லேசில் ஆறாது. டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் பழைய சாக்ஸ் ஒரு ஜோடி அனுப்புங்கள், இங்கே தரை சில்லென்று இருக்கிறது. வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.