செங்கல் மேல் குற்றமில்லை

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உங்கம்மாவும், அலமாரி மேல்தட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் உன் ஐந்து அமெரிக்கக் கேமராக்களும் சுகம். அங்கே நீயும் உன் ஆறாவது கேமராவும் சுகமா என்று கேட்கலாம் என்றால் அதற்கு உடம்பு சரியில்லை என்று நீயே எழுதிவிட்டாய். பழைய சாமான் கடையில் ஆசை ஆசையாக வாங்கியது, கனத்தைப் பார்த்து நாம் செங்கல் என்று பேர் வைத்த அதே ரகக் கேமரா, எடுக்கிற படமெல்லாம் மங்கலாக வருகிறது, கழற்றிச் சரி பண்ணக் கொடுக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கொடுக்காதே. கொடுத்திருந்தால் ஓடிப் போய்த் திரும்ப வாங்கு. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் உன்னிடம் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று மாதமாகப் போனில் நீ கேட்கும்போதெல்லாம் ஸ்கூல் வேன் சர்வீசுக்குப் போயிருக்கிறது, அதனால்தான் வீட்டில் இருக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா, வேன் எங்கேயும் போகவில்லை, நன்றாக ஓடுகிறது. ஓட்டுவது உன் மாமன். அவனிடம் இருப்பது பள்ளிக்கூடத்து மாற்றுச் சாவி, என்னிடமிருந்த வேன் சாவி உங்கம்மாவின் தையல் இஞ்ச் டேப்பில் முடிச்சுப் போட்டுத் தொங்குகிறது, இதை எழுதும்போதும் அவள் கழுத்தில்தான் இருக்கிறது. பயப்படாமல் படி, நான் நன்றாகத்தான் இருக்கிறேன், நாலாம் வகுப்போடு நின்றவன் இத்தனை பெரிய கடிதம் எழுதுகிறேன் என்றால் உடம்பில் தெம்பு இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

நீ முதல் செங்கல்லை என் கையில் கொடுத்துவிட்டுப் போனபோது இதை வைத்துச் சுவர் கட்டலாம், படம் எப்படி எடுப்பது என்று கேலி செய்தேன். இப்போது அந்தக் கேலியை வாபஸ் வாங்குகிறேன். இருபத்திரண்டு வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவன் சொல்கிறேன், இந்த மாதிரி ஒளிவு மறைவு இல்லாத மெஷினை நான் பார்த்ததில்லை. பேட்டரி கிடையாது. முன்னால் பல்சக்கரம் வெளியே தெரிகிறது, எந்தப் பல் எந்தப் பல்லைத் தள்ளுகிறது என்று குழந்தைக்குக்கூடப் புரியும். ஃபிலிமைச் சுற்றுவது தனி, லிவரை அமுக்கித் தயார் பண்ணுவது தனி, தூரம் பார்க்க ஒரு ஜன்னல், படத்துக்கு எல்லை பார்க்க இன்னொரு ஜன்னல். ஒன்றை மறந்தாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும், நம் வீட்டில் ஒருத்தர் மாதிரி. அதிலும் அந்தத் தூரம் பார்க்கிற ஜன்னல் இருக்கிறதே, அதற்காகவே அமெரிக்காக்காரன் கையைப் பிடித்துக் குலுக்கலாம். கதவு நிலையைப் பார்த்தால் மேல்பாதி ஒரு பக்கம் கீழ்பாதி ஒரு பக்கம் என்று வெட்டிப் போட்ட மாதிரி தெரியும், சக்கரத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் சண்டை தீர்ந்த புருஷன் பெண்டாட்டி மாதிரி மெல்ல நகர்ந்து வந்து ஒன்றாக நிற்கும். நேராக நின்றால் தூரம் சரி. அவ்வளவுதான் விஷயம். இதற்கு மேல் என்ன வேண்டும்.

உங்கம்மாவும் என்னைக் கிண்டல் பண்ணத்தான் முதலில் கையில் எடுத்தாள். தையலுக்கு வந்தவர்களை வரிசையாக நிற்க வைத்து ஒரு ரோல் எடுத்தாள், முப்பத்தாறில் முப்பத்தொன்று ஊசி முனை மாதிரி வந்தது. கழுவிக் கொடுக்கிற ஸ்டூடியோக்காரர் இது யார் எடுத்தது என்று கேட்டு இரண்டைக் கடைக் கண்ணாடியில் மாட்டிவிட்டார். என் ரோல் வந்தது. முப்பத்தாறும் பனிமூட்டம். நான் முதலில் ஃபிலிமைத் திட்டினேன். அப்புறம் ஸ்டூடியோக்காரரின் தண்ணீரைத் திட்டினேன். அப்புறம், படம் எடுக்கும்போது அவள் தையல் மெஷினை மிதித்தாள், தரை ஆடியது என்று அவளையே திட்டினேன். அவள் பல்லில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே, "ஆமா, தரை ஆடுச்சு, நீங்க மட்டும் ஆடாம நின்னீங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். கடைசியில் பழி செங்கல் மேல் விழுந்தது. பாவம், அதற்கு வாய் இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் வாட்ச் ரிப்பேர் பண்ணுகிற தம்பியிடம் கொண்டு போனேன். நல்ல கைக்காரன், இந்த மாதிரி கேமராவையும் திறந்து பார்ப்பான். மேல் மூடியைக் கழற்றி, கடை வாசலில் நின்று தூரத்து டவரை ஜன்னலில் பார்த்து, "அண்ணே, சுத்தமா இருக்கு, ஒண்ணுமே பண்ண வேணாம்" என்று திருப்பித் தந்தான். அடுத்த ரோலும் மங்கல். மறுபடி போனேன். இந்தத் தடவை நானும் பக்கத்தில் நின்று என் கண்ணால் பார்த்துச் சொல்வேன், அதன்படி திருப்பு என்றேன். அவன் குட்டி ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டு திருப்புகிறான், நான் வலது கண்ணை ஜன்னலில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நிறுத்து என்கிறேன். அவன் வாங்கிப் பார்த்துவிட்டு, "என் கண்ணுக்கு டவர் ரெண்டா ஒடஞ்சு நிக்குதுண்ணே" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "தம்பி, வாட்சைப் பாத்துப் பாத்து உன் கண்ணு கெட்டுப்போச்சு, சீக்கிரம் டாக்டர்கிட்ட காட்டு" என்றேன். அவனும் பெரியவர் சொல்கிறார் என்று அரக்கு வைத்து மூடிக் கொடுத்துவிட்டான். பாவி மனுஷன் மறுநாள் நிஜமாகவே கண் டாக்டரிடம் போயிருக்கிறான், அவன் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அதோடு உங்கம்மாவின் படங்களும் மங்கலாகிவிட்டன. என் படம் கெட்டபோது சிரித்தவள் அவள் படம் கெட்டதும் கிளம்பிவிட்டாள். எனக்குத் தெரியாமல் வாட்ச் தம்பியிடம் போய் நடந்ததைக் கேட்டு, அவன் கண்ணுக்குச் சரியாகத் திருப்பி வைக்கச் சொல்லி, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். வெள்ளைச் சுவரில் ஆணி அடித்து ஒரு கறுப்பு நூலைத் தொங்கவிட்டு, அது ஆடாமல் நிற்க நுனியில் பாபினைக் கட்டினாள். இஞ்ச் டேப் முழு நீளம் அறுபது இஞ்ச், அதாவது ஐந்தடி. அந்த ஐந்தடியில் ஸ்டூலைப் போட்டுக் கேமராவை வைத்து, முதலில் அவள் பார்த்து நூலை நேராக்கினாள், கேமராவில் எழுதியிருக்கிற எண்ணைப் பார்த்தாள், ஐந்து. சக்கரத்தைக் கலைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். நான் நேராக்கினேன், ஏழு. மறுபடி கலைத்தாள், நாலு. மறுபடி, பத்து. "ஒரே எடத்துல நிக்கற சுவரு உங்களுக்கு மட்டும் நடந்துக்கிட்டே இருக்கா" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இடது கண்ணால் பாருங்க என்றாள். ஐந்து. கலைத்தாள். ஐந்து. கலைத்தாள். ஐந்து.

எனக்குப் பள்ளிக்கூட கேட் தூண் ஞாபகம் வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் வேனின் வலது பக்கத்தை அந்தத் தூணில் லேசாக உரசிவிட்டேன், தூணைக் கொத்தனார் கோணலாகக் கட்டியிருக்கிறார் என்று ஊர் பூரா சொல்லிக்கொண்டு திரிந்தேன். வேனில் பதினெட்டுப் பிள்ளைகள். அவளுக்கும் அதே தூண்தான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை திட்டவில்லை, கையை நீட்டினாள், "சாவியைக் குடுங்க" என்றாள். என் ஆயுசில் அவளுக்கு நான் எதிர்த்துப் பேசாமல் கொடுத்த பொருள் அது ஒன்றுதான்.

கண் டாக்டர் வலது கண்ணில் புரை நன்றாக முற்றியிருக்கிறது என்றார். எப்படி எனக்குத் தெரியாமல் போனது என்று கேட்டேன். "இடது கண்ணு ரெண்டு பேர் வேலையையும் சேத்துப் பாத்துக்கிட்டு இருந்திருக்கு, அது பாவம் கம்ப்ளைன்ட் பண்ணல" என்றார். கேமராவில்தான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறோமே, அதனால் குட்டு வெளிப்பட்டது. செங்கல் என் மேல் குற்றம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, நான் அதைக் கழற்றச் சொல்லி ஆள் பிடித்தேன். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. உன்னிடம் சொன்னால் லீவு போட்டுக்கொண்டு ஓடி வருவாய் என்று உங்கம்மா என் வாயைக் கட்டிவிட்டாள். கத்திக்குப் பயந்தேனா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன், உங்கம்மாவிடம் கேட்காதே. நிஜமான பயம் வேறு. சாவி திரும்பி வருமா என்பதுதான். பள்ளிக்கூட மேனேஜர் நல்ல மனுஷர், ஆனால் மாதம் பிறந்தும் நான் வராவிட்டால் உன் மாமனையே நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அவன் பிரேக் போடுகிற அழகுக்குப் பிள்ளைகள் பின் சீட்டிலிருந்து முன் சீட்டுக்கு வந்துவிடுகின்றன, கேட்டால் ராட்டினம் மாதிரி ஜாலியாக இருக்கிறது, மாமாவே ஓட்டட்டும் என்கின்றனவாம். திங்கட்கிழமை மாதம் பிறக்கிறது. இன்று காலையில் டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். நேராக வீட்டுக்கு வந்து சீட்டை நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு, "டாக்டர் பாத்தது உங்க கண்ணை, நான் பாக்க வேண்டியது என் நூலை" என்கிறாள். சுவரில் ஆணி அப்படியே இருக்கிறது. இப்போது நூலைக் கட்டிக்கொண்டிருக்கிறாள், கூப்பிடுகிறாள், போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். வலது கண்ணால் பார்த்தேன். ஐந்து. ஐந்து. மூன்றாவது தடவை கொஞ்ச நேரம் சக்கரத்தைத் தொடாமல் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன். நூலில் ஒரு இடத்தில் சின்ன முடிச்சு இருக்கிறது மகளே, அது இத்தனை நாள் அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது. அப்புறம் திருப்பினேன், ஐந்து. உங்கம்மா நூலை அவிழ்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் விடாமல் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய், அவள் மெஷினில் உட்கார்ந்ததும் ஒரு படம் எடுத்தேன், ஸ்டூடியோக்காரர் இப்போதே கழுவிக் கொடுத்துவிட்டார். இதோடு இரண்டு படம் வைத்திருக்கிறேன், பார். மங்கலாக இருப்பது ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்தது, அதில் அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது, அந்தப் படத்தை நான் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். தெளிவாக இருப்பது இன்றைக்கு எடுத்தது. அதே இடம், அதே மெஷின், அதே முகம். இப்போதுதான் தெரிகிறது, அது சிரிப்பு இல்லை, பல்லில் கடித்த மூன்று குண்டூசி. ஆனால் கண்ணைப் பார், கண் மட்டும் சிரிக்கிறதா இல்லையா, நீயே சொல்.

உன் செங்கல்லைப் பற்றி இனி நான் சொல்லத் தேவையில்லை. இதோடு உங்கம்மாவின் பழைய இஞ்ச் டேப் ஒன்றைச் சுருட்டி வைத்திருக்கிறேன், ஒரு நூலைத் தொங்கவிட்டு ஒவ்வொரு கண்ணாலும் மூன்று தடவை பார். எல்லாம் ஐந்து என்றால் அடுத்தது உன் விரல், பட்டனை அமுக்கும்போது லிவர் தானாக மேலே வரும், அதன் வழியில் விரலை வைத்துத் தடுக்காதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு என்று உங்கம்மா சொல்கிறாள். அதுவும் இல்லை என்றால் மட்டும் கேமரா மேல் சந்தேகப்படு. ஐந்து வராவிட்டால் வாயை மூடிக்கொண்டு கண் டாக்டரிடம் போ, என்னைப் போல வாட்ச்காரரை அனுப்பாதே. நேரத்துக்குச் சாப்பிடு, படுத்துக்கொண்டு போன் பார்க்காதே. நீயும் உன் கண்ணும் உன் ஆறு கேமராவும் நூறு வருஷம் தெளிவாக இருக்க எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதம்.

இதை மடிக்கப் போகும்போது உங்கம்மா வந்து காகிதத்தின் மேல் எதையோ டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள், மேலே மை இழுபட்டிருப்பது அதனால்தான். வேன் சாவி. திங்கட்கிழமை முதல் ட்ரிப்பில் தானும் வேனில் வரப்போவதாகச் சொல்கிறாள், எதுக்கு என்றேன், கேட் தூணைப் படம் எடுக்க என்றாள், நேரா இருக்கா கோணலா இருக்கான்னு ஊருக்குக் காட்டணுமாம்.

இப்படிக்கு,
இரண்டு கண்ணும் ஒரே அடி சொல்கிற
உன் அப்பா