உறைக்கு ஒரு வாளிக் கல்

இன்று காலை என்னை எழுப்பியது பிளீச்சிங் பவுடர் வாசனை. தை மாதக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் என்னைப் பெண்டாட்டி இல்லாதவனாக்கிய நாளிலிருந்து எனக்கு எதுவுமே மணக்கவில்லை. ரசமும் சாம்பிராணியும் தெருச் சாக்கடையும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஷிப்டுக்குப் போனேன், மைன்ஸ் பம்புகளைப் பார்த்தேன், கம்பெனி பஸ்ஸில் திரும்பினேன். அழவும் இல்லை. இன்று அந்தக் காரம் மூக்கில் ஏறியதும் செருப்புகூடப் போடாமல் தெருக்கோடிக்கு ஓடினேன்.

தெருவின் கழிவுநீரைச் சுத்தம் செய்ய நீ கட்டிய கல்தொட்டிக்கு இன்றுதான் இன்ஸ்பெக்‌ஷன். தண்ணீர் சரியில்லை என்று அதிகாரி சொல்லிவிட்டால், தொட்டியை மண் போட்டு மூடிவிட்டு, நம் வடக்குத்து ஊரில் இந்தத் தெருவின் கழிவுநீர் முழுவதையும் கால்வாய் வெட்டி நேரே ஏரியில் விட்டுவிடுவார்கள். போன முறையே அப்படி ஆகியிருக்கும்.

போன முறை நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். தொட்டி கட்டியதும் நீ வீடு வீடாகப் போய்ச் சொன்னாய். ஓட்டை போட்ட பைப்பிலிருந்து அழுக்குத் தண்ணீர் கல் மேல் சொட்டும். கல்லில் படிந்திருக்கும் வழவழப்பு உயிருள்ளது, அழுக்கைத் தின்றுவிடும். மிச்சத்தை அடுத்த பாத்தியில் நிற்கும் கல்வாழை வேர் எடுத்துக்கொள்ளும். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் நம் பக்கத்தில் பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால் ரோட்டோரம் பவுடர் கோடு போட்டாக வேண்டும், மரத்துக்குக்கூடச் சுண்ணாம்பு அடித்தாக வேண்டும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தைய நாள், தெருப் பெண்கள் சேர்ந்து தேங்காய் நாரால் ஒவ்வொரு கல்லையும் தேய்த்து, பவுடர் கரைத்து ஊற்றி, பக்கத்தில் கோலமும் போட்டுவிட்டார்கள். தொட்டியை ஒட்டிய வீட்டு செல்வி அக்காதான் தலைமை.

நீ வேலை முடிந்து வந்து நின்றபோது அவருக்குத்தான் எத்தனை பெருமை.

"பாரு, எப்பிடி பளபளன்னு கெடக்குது. நம்ம தெரு மானம் போவக்கூடாதுல்ல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நீயோ தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாய். "வூட்ட கழுவுறேன்னு குடியிருந்தவங்களயே கழுவி வுட்டுட்டீங்களேக்கா" என்றாய். அவர் முகம் வாடியதும் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாய். "இதுவும் தயிரு மாதிரிதான்க்கா. உறை ஊத்தாம பால வெச்சிகினு உக்காந்திருந்தா தயிர் ஆவுமா?"

மறுநாள் தண்ணீர் நாறியது. அதிகாரி கர்ச்சீப்பை எடுத்தார். நீ கெஞ்சித்தான் இன்னொரு வாய்ப்பு வாங்கினாய். கம்பெனி டவுன்ஷிப்பின் பழைய கழிவுநீர் நிலையத்தில் அனுமதி கேட்டு, வழவழப்பு ஏறிய கற்களை ஈரச் சாக்கில் சுற்றி ஒரு வாளியில் எடுத்தோம். நான் உன் ஸ்கூட்டரை ஓட்டினேன். பின்னால் மடியில் வாளியோடு நீ. கேட்டில் செக்யூரிட்டி மறித்து என்னவென்று கேட்டதற்கு, முகம் மாறாமல் "தயிருண்ணே" என்றாய். குனிந்து மோந்து பார்த்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு போகச் சொல்லிக் கையசைத்துவிட்டார். வழியெல்லாம் என் முதுகில் சொட்டியது. சட்டை போச்சு என்று உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

கல்லில் பழுப்பாய் மெல்லிய படலம் திரும்ப வந்தபோது நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். "கல்லு காயாம பாத்துக்கங்க" என்றாய். அது ஒன்றைத்தான் செய்தேன். கரண்ட் போய் மோட்டார் நின்றால் வாளியில் மொண்டு ஊற்றினேன். அதைச் செய்யும்போதும் எனக்குள் எதுவும் அசையவில்லை. கை மட்டும் வேலை செய்தது.

இன்று காலை நான் ஓடிப்போனபோது பவுடர் கோடு தொட்டிக்கு ஓரடி முன்னால் நின்றிருந்தது. சாக்குப்பையோடு பஞ்சாயத்து ஊழியர். அவர் எதிரே, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு செல்வி அக்கா.

"ஆபீசர் வராருக்கா. போடலன்னா என்னத்தான் கேப்பாங்க."

"ரோட்டுல போடு. என் வூட்டு வாசல்ல போடு. என் தலமேலகூட கொட்டு. இதுல மட்டும் போடாத. உள்ள புள்ளைங்க சாப்ட்டுகினு இருக்குது."

அவர் எட்டிப் பார்த்தார். கல்லைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே சாக்கின் வாயைக் கட்டினார்.

அதிகாரி வந்தார். கல்வாழைப் பாத்தியிலிருந்து வெளியே வரும் தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். மோந்தார். நம்பாமல் மறுபடி மோந்தார். கூட வந்தவர்கள் மருந்து விட்டுச் சோதித்து முடிக்கும்வரை தெருவே தொட்டியைச் சுற்றி நின்றது.

"இத மூட வேணாம். இப்பிடியே ஓடட்டும்" என்றார்.

யாரோ தீபாவளியில் மிச்சம் வைத்த சரவெடியைக் கொளுத்தினார்கள். விசில் பறந்தது. செல்வி அக்கா ஒரு கல்வாழைப் பூவைப் பறித்து நம் வாசலில் நின்ற உன் ஸ்கூட்டர் ஹேண்டிலில் செருகினார். நான் அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்தி மோந்தேன். முதல் மழை விழுந்த மண் வாசனை. அப்போதுதான் அழுதேன். வெடிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நீ ஜெயித்துவிட்டாய் என்று சத்தமாகவே சொன்னேன். அதுவும் கேட்டிருக்காது.

சாயங்காலம் பின்தெருவிலிருந்து ஓர் அம்மா காலி வாளியோடு வந்து நின்றார். அவர்களும் தொட்டி கட்டிவிட்டார்களாம்.

"வெளக்கு வெக்கறதுக்குள்ள உறை குடுத்துடு தம்பி. அப்பறம் குடுக்க மாட்டன்னுடுவ."

விளக்கு வைத்தபின் தயிருக்குத்தான் உறை கொடுக்க மாட்டார்கள். கல்லுக்குமா என்று நான் கேட்கவில்லை. உன் தொட்டியிலிருந்து நல்ல கற்களாகப் பார்த்து எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, உன் ஸ்கூட்டரில் காலடியில் வைத்துக்கொண்டு போனேன். குழி விழுந்த இடத்திலெல்லாம் வாளித் தண்ணீர் தளும்பிப் பேண்ட் நனைந்தது. இந்த முறை நான் யாரையும் திட்டவில்லை.

அங்கே கற்களைப் பரப்பிவிட்டு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். விரல்களில் அந்த வழவழப்பு ஒட்டியிருக்கிறது. தாள் ஓரமெல்லாம் பழுப்புக் கறை. கையை இன்னும் கழுவவில்லை.